'இன்க்ளூசிவ்': ஒரு சொல்லும் அதன் பொருளெல்லைகளும்

கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் உலகப் பொதுவாழ்வில் மிகுதியாக வழங்கத் தொடங்கிய ஆங்கிலச் சொற்களுள் 'இன்க்ளூசிவ்' என்பதும் ஒன்று. அரசின் திட்ட ஆவணங்கள், ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானங்கள், கல்விக் கொள்கைகள், வங்கித்துறை அறிக்கைகள், வணிக நிறுவனங்களின் அறிவிப்புகள், சமய உரையாடல் அரங்குகள் என எங்கும் இச்சொல்லைக் காண்கிறோம். எவரையும் ஒதுக்காமல் அனைவரையும் வரவேற்றுச் சேர்த்துக்கொள்வது என்பதே இன்று இதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் பொருள்.

தமிழில் இதனை 'உள்ளடக்கிய' என்றும், 'உள்ளடங்கிய' என்றும், 'அனைவருக்குமான' என்றும், 'அனைவரையும் அரவணைக்கும்' என்றும் பலவாறாகப் பெயர்க்கின்றனர். இலங்கையின் கல்வித்துறையில் 'உட்படுத்தல்' என்ற சொல்லும் வழங்குகிறது. இவற்றுள் எதுவும் முழு மனநிறைவு தருவதாக இல்லை. இதனைத் தமிழின் குறைபாடு எனக் கருதுவதற்கில்லை. மூலச்சொல்லுக்குள்ளேயே இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று பிணக்குற்றுக் கிடக்கின்றன. ஒருவரைக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. அவருக்கு இடங்கொடுத்துச் சேர்ப்பது மற்றொன்று. முன்னதற்கு அவருடைய இசைவு தேவையில்லை; பின்னதற்கு அது இன்றியமையாதது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் இச்சொல்லை ஆள்வதால் நேரும் குழப்பங்கள் வெறும் மொழிக்குழப்பங்களாக நின்றுவிடுவதில்லை. மக்களின் உரிமைகளையும் அவை பாதிக்கின்றன.

சொல்லின் வேர்

இச்சொல்லின் தாய்மொழி இலத்தீன். 'இன்' என்பது 'உள்ளே' எனப் பொருள்படும் முன்னொட்டு. 'க்ளாதெரே' என்பது 'மூடு', 'சாத்து' எனப் பொருள்படும் வினை. இரண்டும் சேர்ந்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்துதல் என்னும் பொருளைத் தருகின்றன. இதே வேரிலிருந்து பிறந்த உறவுச்சொற்கள் பல. வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது 'எக்ஸ்க்ளூட்'. பேச்சையோ செயலையோ முடித்து மூடுவது 'கன்க்ளூட்'. கிறித்தவ மடத்தின் மூடிய சுற்றுக்கட்டு 'க்ளாய்ஸ்டர்'. நாள்தோறும் நம் செவியில் விழும் 'க்ளோஸ்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயச் சுவரையொட்டிய சிற்றறை ஒன்றில் தம்மை வாழ்நாள் முழுதும் அடைத்துக்கொண்டு இறைவழிபாட்டில் ஈடுபட்ட துறவியர் இருந்தனர். அவர்களை இலத்தீன் ஆவணங்கள் 'இன்க்ளூசி' என்று குறிப்பிடுகின்றன. அடைக்கப்பட்டோர் என்பது அதன் பொருள். ஆக, இச்சொல் மனிதரைக் குறித்து வழங்கிய பழைய வழக்குகளுள் ஒன்றில், உலகிலிருந்து பிரித்து உள்ளே வைத்துப் பூட்டப்பட்டவரையே அது சுட்டியது. அதே சொல்தான் இன்று திறந்த கதவுக்கு அடையாளமாகியிருக்கிறது.

தமிழின் 'உள்ளடக்கு' என்னும் பெயர்ப்பிலும் இவ்விருமை தப்பாமல் வந்து சேர்ந்திருப்பதைக் காணலாம். 'அடக்கு' என்பதற்குக் கொள்ளச்செய்தல் என்ற பொருளும் உண்டு; ஒடுக்குதல் என்ற பொருளும் உண்டு. 'உட்படுத்து' என்பதும் அத்தகையதே. சேர்த்துக்கொள்வதையும் அது குறிக்கும். சோதனைக்கு உட்படுத்துவதையும் குறிக்கும். யாரையேனும் உள்ளடக்குகிறோம் என்று சொல்லும்போது, அவர்களுக்கு இடமளிக்கிறோமா, அல்லது அவர்களை அடக்கிவைக்கிறோமா என்ற கேள்வி சொல்லிலேயே பொதிந்திருக்கிறது.

கணக்கும் சட்டமும்

ஆங்கிலத்தில் 'இன்க்ளூசிவ்' என்ற சொல்லின் பழைய ஆட்சி கணக்கு சார்ந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை 'இன்க்ளூசிவ்' என்றால், தொடக்க நாளும் இறுதி நாளும் சேர்த்து ஐந்து நாள்கள் என்று பொருள். நம் நாட்டில் விற்கப்படும் பொதிகளின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் விலையோடு எல்லா வரிகளும் உட்பட என்ற தொடர் இருப்பதும் இவ்வழக்கின்பாற்பட்டதே. இங்குச் சேர்க்கப்படுவன நாள்களும் வரிகளும். அவற்றிடம் யாரும் இசைவு கேட்பதில்லை, கேட்கத் தேவையுமில்லை.

சட்டமொழி இவ்வாட்சியை இன்னும் நுணுக்கமாக்கியது. ஒரு சட்டம் ஒரு சொல்லை வரையறுக்கும்போது 'என்றால் பொருள்' என்று கூறுமானால், அச்சொல்லின் எல்லை அவ்வளவே. 'என்பதில் அடங்கும்' என்று கூறுமானால், அச்சொல்லின் இயல்பான பொருளோடு பிறவும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது வகையைச் சட்ட அறிஞர்கள் 'இன்க்ளூசிவ்' வரையறை என்பர். இவ்வேறுபாட்டை விளக்கும் 1899ஆம் ஆண்டின் 'டில்வொர்த்' வழக்குத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சொல்லின் எல்லையை விரிப்பது சட்டம் இயற்றுவோரின் வசதிக்காக. ஆனால் அவ்வாறு விரிக்கப்படும் எல்லைக்குள் மனிதர்கள் வரும்போது நிலைமை மாறுகிறது.

இதற்கு இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. சமய உரிமையை உறுதிசெய்யும் அவ்வுறுப்பில் மூன்று இடங்களை உற்று நோக்கலாம். முதலாவது, பொதுத்தன்மை வாய்ந்த இந்து சமய நிறுவனங்களை இந்துக்களின் எல்லா வகுப்பினருக்கும் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்ற அரசுக்கு இடமளிக்கும் பகுதி. நூற்றாண்டுகளாகக் கோவில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட மக்களுக்குக் கதவு திறக்க வழிசெய்த விதி இது. இரண்டாவது, கிர்பான் அணிவதும் உடன் கொண்டு செல்வதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்ற முதல் விளக்கம். ஒரு சமூகம் எதனைத் தன் சமய வாழ்வின் பகுதியாகக் கருதுகிறதோ அதனை அவ்வாறே ஏற்றுக்கொண்ட சேர்ப்பு இது. மூன்றாவது, மேற்கூறிய கோவில் திறப்புப் பகுதியின் நோக்கத்திற்காக, 'இந்துக்கள்' என்ற சொல்லில் சீக்கிய, சமண, பௌத்த சமயத்தவரும் அடங்குவர் என்ற இரண்டாம் விளக்கம்.

ஒரே உறுப்பில் மூன்று சேர்ப்புகள். முதலிரண்டையும் சேர்க்கப்பட்டோர் வரவேற்றனர். மூன்றாவது, சேர்க்கப்பட்டோரில் ஒரு சாராரின் மனத்தைப் புண்படுத்தியது. தங்கள் தனித்த சமய அடையாளத்தை அது மறைத்துவிடுகிறது என்று கருதிய அகாலி தளத் தலைவர்கள் 1984 பிப்ரவரியில் அப்பகுதியின் படிகளை எரித்துப் போராடினர். அரசியலமைப்பின் செயற்பாட்டை ஆராய்ந்த, முன்னாள் தலைமை நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா தலைமையிலான தேசிய ஆணையம், 2002இல் அளித்த அறிக்கையில் அந்த இரண்டாம் விளக்கத்தை நீக்கிவிடுமாறு பரிந்துரைத்தது. எனினும் அது இன்றுவரை நீக்கப்படவில்லை.

விதியை வரைந்தோரின் நோக்கம் நலமானதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் நோக்கத்தின் நன்மை மட்டுமே சேர்ப்பை நியாயமாக்கிவிடுவதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. விலக்கப்பட்டவன் 'என்னை ஏன் விலக்கினாய்?' என்று கேட்பதைப் போலவே, கேளாமல் சேர்க்கப்பட்டவனும் 'என்னை ஏன் சேர்த்தாய்?' என்று கேட்க உரிமையுடையவன்.

பள்ளிக்கூடம் கற்றுத்தந்த பொருள்

இச்சொல்லுக்கு இன்றைய உயர்ந்த பொருளை வழங்கியதில் கல்வித்துறைக்குப் பெரும் பங்குண்டு. உடற்குறையோ புலன்குறையோ உடைய குழந்தைகளை ஒரு காலத்தில் பள்ளிகள் அறவே சேர்க்கவில்லை. பின்னர் அவர்களுக்கெனத் தனிப்பள்ளிகள் தோன்றின. அதற்கும் பின்னர், அவர்களைப் பொதுப்பள்ளிகளிலேயே சேர்க்கும் 'இன்டகிரேஷன்' என்னும் ஒருங்கிணைப்பு முறை வந்தது. குழந்தை பொதுவகுப்பறைக்குள் வந்துவிட்டது. ஆனால் வகுப்பறை முன்பிருந்தவாறே இருந்தது. பாடநூல், கரும்பலகை, படிக்கட்டு, தேர்வு ஆகிய எதுவும் மாறவில்லை. அவற்றுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பொறுப்புக் குழந்தையின் தலையில் விழுந்தது. இயலாத குழந்தை மீண்டும் வெளியேறியது.

இந்தக் குறையை உணர்ந்த கல்வியாளர்களும் அரசுகளும் 1994 ஜூன் மாதம் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் கூடினர். யுனெஸ்கோ துணைநின்ற அம்மாநாட்டில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் பங்கேற்றன. அங்கு வெளியிடப்பட்ட அறிக்கை, 'இன்க்ளூசிவ்' கல்வி என்ற கருத்தை உலக அரங்கில் நிலைநிறுத்தியது. பள்ளிக்கு ஏற்பக் குழந்தை மாறுவதன்று, குழந்தைக்கு ஏற்பப் பள்ளி மாறுவதே அதன் சாரம். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையும், அதனை 2007இல் உறுதிசெய்த இந்தியா பின்னர் இயற்றிய 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இக்கருத்தையே பின்பற்றின. குறைபாடு உள்ளோரும் இல்லாதோரும் ஒன்றாகக் கற்பதும், கற்பித்தல் முறை அவரவர் தேவைக்கேற்பத் தகவமைக்கப்படுவதும் ஆகிய இரண்டையும் சேர்த்தே அச்சட்டம் இக்கல்வியை வரையறுக்கிறது.

இந்த இரண்டாவது நிபந்தனையே இச்சொல்லின் உயிர்நிலை எனலாம். வருபவருக்காக வீடு சற்றேனும் மாறவில்லையெனில், அங்கு நிகழ்ந்தது வெறும் அனுமதி; சேர்ப்பன்று. சக்கர நாற்காலியில் வருபவரை நோக்கி 'யாரும் வரலாம்' என்ற பலகையை மாட்டிவிட்டுப் படிக்கட்டை அப்படியே வைத்திருப்பது, சொல்லால் வரவேற்றுக் கல்லால் தடுப்பதாகும்.

பொருளாதாரத்தில் ஒரு சோதனை

பொருளாதாரக் கொள்கையில் இச்சொல் நுழைந்த வரலாறு சற்று வேறானது. 1974இல் பிரெஞ்சு அரசு அதிகாரியான ரெனே லெனுவார், நாட்டின் வளர்ச்சியில் பங்கு பெறாது விடுபட்டோரைப் பற்றி நூலொன்று எழுதினார். 'சமூக விலக்கம்' என்ற கருத்து அதன்பின் ஐரோப்பியக் கொள்கைமொழியில் பரவியது. விலக்கத்தைச் சொல்லும் சொல் வந்தபின், அதன் மாற்றாக 'இன்க்ளூஷன்' என்ற சொல்லும் உடன் வந்தது.

இந்தியாவில் 2007 முதல் 2012 வரையிலான பதினோராம் ஐந்தாண்டுத் திட்டம், விரைவானதும் மேலும் உள்ளடக்கியதுமான வளர்ச்சியைத் தன் இலக்காக அறிவித்தது. இச்சொல் திட்டமொழியின் மையத்துக்கு வந்த அதே காலத்தில், 2006 நவம்பரில், நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள், இந்திய ஆட்சிப்பணியில் 3 விழுக்காட்டளவே இருந்தனர் என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. மக்கள்தொகைக் கணக்கில் அடங்கியிருப்பதும் வாய்ப்பில் அடங்கியிருப்பதும் ஒன்றல்ல என்பதை அவ்வெண்கள் உணர்த்தின.

இதனினும் நுண்ணியதொரு சோதனை வங்கித்துறையில் நேர்ந்தது. வங்கிச் சேவை அனைவரையும் சென்றடைய வேண்டும் என்பதைக் குறிக்க 'ஃபைனான்சியல் இன்க்ளூஷன்' என்ற தொடர் 2005 அளவில் இந்திய ரிசர்வ் வங்கியின் கொள்கைமொழியில் இடம்பெற்றது. இருப்புத்தொகை இல்லாத எளிய கணக்குகள் தொடங்கப்பட்டன. இந்நிலையில், திட்டக் குழு அமைத்த ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008இல் தன் அறிக்கையை அளித்தது. வட்டியைத் தடைசெய்யும் சமய நம்பிக்கை காரணமாக வங்கிச் சேவையைப் பயன்படுத்த இயலாதோர் நாட்டில் இருப்பதையும், அவர்களுள் வறியோரும் உள்ளதையும் சுட்டிக்காட்டி, வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழிசெய்யுமாறு அது பரிந்துரைத்தது. ஆண்டுகள் பல கடந்தபின், 2017 நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு ரிசர்வ் வங்கி விடையளித்தது. வங்கி, நிதிச் சேவைகளைப் பெறப் பரந்த, சமமான வாய்ப்புகள் குடிமக்கள் அனைவருக்கும் இருப்பதைக் கருதி, அப்பரிந்துரையை மேற்கொண்டு செல்வதில்லை என முடிவு செய்ததாக அது தெரிவித்தது.

இரு தரப்பினரும் ஒரே குறிக்கோளின் பெயரால்தான் பேசினர் என்பதே இங்குக் கருதத்தக்கது. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆகவே சேர்ப்பு நிறைவேறிவிட்டது என்பது ஒரு நிலை. திறந்த கதவின் வழியே சிலரால் நுழைய முடியவில்லை. ஆகவே வீட்டின் அமைப்பில் ஓர் அறையைக் கூட்ட வேண்டும் என்பது மற்றொரு நிலை. சலமான்கா மாநாடு பள்ளிக்கூடத்தைக் குறித்துத் தீர்த்துவைத்த வழக்கு, வங்கியைக் குறித்துத் தீராமல் நிற்கிறது. வட்டியில்லா வங்கி வேண்டும், வேண்டாம் என்பதில் பொருளியலாரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் 'வாய்ப்பு அனைவருக்கும் சமம்' என்ற விடை, எழுப்பப்பட்ட கேள்விக்குரிய விடையாக இல்லை.

பெயரறியாது சேர்த்தல்

சமய இயலில் இச்சொல் வேறொரு பொருளில் ஆளப்படுகிறது. பிற சமயத்தவரின் ஈடேற்றம் பற்றிய கிறித்தவ நிலைப்பாடுகளை ஆலன் ரேஸ் என்னும் ஆங்கிலிக்க இறையியலர் 1983இல் வெளியான தம் நூலில் மூன்றாக வகுத்தார். தம் சமயத்தவர்க்கு மட்டுமே ஈடேற்றம் என்பது விலக்குநிலை. பல சமயங்களும் தனித்தனி வழிகள் என்பது பன்மைநிலை. இரண்டுக்கும் இடைப்பட்டது 'இன்க்ளூசிவிசம்' என்னும் உள்ளடக்குநிலை: ஈடேற்றம் தம் சமயத்தின் வழியாகவே வருகிறது, ஆனால் பிற சமயத்து நன்மக்களும் தம்மையறியாமலே அதில் பங்குபெறுகின்றனர் என்பது அது.

இந்நிலையின் முதன்மையான சிந்தனையாளர் ஜெர்மானிய இயேசுசபைத் துறவி காரல் ரானர். பிற சமயங்களில் வாழும் இத்தகையோரைப் 'பெயரறியாக் கிறித்தவர்' என்று அவர் அழைத்தார். ஜப்பானிய மெய்யியலர் நிஷிதானி ஒருமுறை அவரிடம், தங்களை நான் பெயரறியா ஜென் பௌத்தர் என்று கொண்டால் என்ன சொல்வீர்கள் என்று வினவினாராம். உங்கள் நோக்கிலிருந்து நீங்கள் அவ்வாறு கொள்ளலாம். அதனை நான் பெருமையாகவே கருதுவேன் என்ற கருத்துப்பட விடையிறுத்ததாக ரானரே பதிவு செய்திருக்கிறார். பெருந்தன்மையான விடைதான். ஆயினும் நிஷிதானியின் வினா மறையவில்லை. ஒருவரை அவர் பெயரால் அழையாமல் நம் பெயரால் அழைத்துச் சேர்த்துக்கொள்வது அன்பின் வெளிப்பாடாக இருக்கலாம். அவரை அவராகக் காணாமையின் வெளிப்பாடாகவும் இருக்கலாம்.

இங்கு மதீனா சாசனம் நினைவுக்கு வருவது இயல்பு. ஹிஜ்ரத்துக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் வகுத்த அவ்வுடன்படிக்கை, யூதக் கோத்திரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. பனூ அவ்ஃபின் யூதர் இறைநம்பிக்கையாளருடன் சேர்ந்து ஒரு சமுதாயத்தினர் என்று கூறும் அது, அவ்விடத்திலேயே, யூதர்க்கு அவர்தம் மார்க்கம், முஸ்லிம்களுக்குத் தம் மார்க்கம் என்பதையும் தெளிவுபடுத்துகிறது. செலவிலும் பாதுகாப்பிலும் இரு தரப்பாரின் பொறுப்புகளும் வரையறுக்கப்படுகின்றன. அவ்வுடன்பாட்டின் பிற்கால வரலாறு தனியே ஆராயத்தக்கது. நம் பொருளுக்கு வேண்டியது இதுவே: பெயரை அழிக்காமலும் சமயத்தைக் கரைக்காமலும் ஒரு 'சமுதாயம்' என்ற எல்லைக்குள் சேர்ப்பதற்கான வாசகம் அங்கு எழுத்தில் இடம்பெற்றது.

அரபுச் சொற்கள் தரும் விளக்கம்

அரபு மொழியில் இக்கருத்தைக் குறிக்க 'ஷுமூல்' என்ற சொல் பெருவழக்காக உள்ளது. வங்கித்துறைச் சேர்ப்பை 'அஷ்ஷுமூலுல் மாலீ' என்பர். போர்த்து மூடுதல் என்பது இதன் வேர்ப்பொருள். மேலே போர்த்தும் துணியாகிய 'ஷம்லா' இவ்வேரிலிருந்து வந்ததே. போர்வை குளிருக்குக் காப்பு. அதுவே மூச்சுத்திணறலுக்கும் காரணமாகலாம். தற்கால அரபு அரசியல் மொழியில், குடிமக்களின் வாழ்வு முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவரும் சர்வாதிகார ஆட்சிமுறைக்கும் 'ஷுமூலிய்யா' என்பதே பெயர். ஒரே வேரிலிருந்து அரவணைப்பும் பிறக்கிறது, அடக்குமுறையும் பிறக்கிறது.

'ஜாமிஃ' என்ற சொல்லோ வேறொரு படிமத்தைத் தருகிறது. ஒன்றுகூட்டுவது என்பது அதன் பொருள். நம் வழக்கிலுள்ள ஜமாஅத், ஜும்ஆ, ஜாமிஆ ஆகியன இவ்வேரின் கிளைகள். இலத்தீன் வேரில் கதவு இருக்கிறது. ஷுமூலில் போர்வை இருக்கிறது. 'ஜம்உ' என்பதில் கூடிவரும் மக்களே இருக்கின்றனர்.

அரபு மத்ரஸாக்களில் தர்க்கவியல் பயின்றோர் நன்கறிந்த விதி ஒன்றுண்டு. ஒரு வரையறை 'ஜாமிஃ'ஆகவும் 'மானிஃ'ஆகவும் இருக்க வேண்டும் என்பது அது. வரையறுக்கப்படும் பொருளின் எல்லா உறுப்பினரையும் அது சேர்க்க வேண்டும். அப்பொருளல்லாதவற்றை அது தடுக்க வேண்டும். நம் நாட்டுத் தருக்க நூலார் கூறும் அவ்வியாத்தி, அதிவியாத்தி என்னும் குற்றங்களும் இவற்றின் மறுதலையே. சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமை முன்னது. சேர்க்கக்கூடாததைச் சேர்த்துவிடுவது பின்னது.

எதனையும் விலக்காத வரையறை எதனையும் வரையறுப்பதில்லை. அதுபோல, எல்லையே இல்லாத அமைப்பு என்று ஒன்று இருக்க முடியாது. ஒரு நூலகம் எல்லா வாசகரையும் வரவேற்கலாம். நூல்களைக் கிழிப்பவரை வரவேற்க இயலாது. ஆகவே, 'நாங்கள் எவரையும் விலக்குவதில்லை' என்று பெருமை பேசுவதைவிட, எதன் அடிப்படையில் சேர்க்கிறோம், எதன் அடிப்படையில் விலக்குகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வதே நேர்மையானது. செயலை வைத்து விலக்குவதற்கும் பிறப்பையோ உடலையோ வைத்து விலக்குவதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

இத்தெளிவு இல்லாதவிடத்துச் சொல் வெற்று முழக்கமாகிறது. முழக்கமாகிய சொல்லை எளிதில் தூக்கியெறியவும் முடிகிறது. அமெரிக்காவில் பன்மை, சமநீதி ஆகியவற்றோடு மூன்றாவதாக இணைந்து, நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தனித்துறைகளாக வளர்ந்த இக்கொள்கை, 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணைகளால் ஒன்றிய அரசின் அலுவலகங்களில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

தமிழின் 'நாம்'

மொழியியலிலும் 'இன்க்ளூசிவ்' என்பது ஒரு கலைச்சொல். தன்மைப் பன்மையில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'இன்க்ளூசிவ்'. கேட்பவரை நீக்கிச் சொல்வது 'எக்ஸ்க்ளூசிவ்'. தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழிக்கு 1560இல் இலக்கணம் எழுதிய டொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியாரே இவ்வேறுபாட்டை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தவர். ஆங்கிலத்தின் 'வீ' என்ற சொல்லிலோ அரபியின் 'நஹ்னு' என்ற சொல்லிலோ இவ்வேறுபாடு இல்லை. தமிழில் 'நாம்', 'நாங்கள்' என அது நம் நாவிலேயே வாழ்கிறது. கேட்பவரைச் சேர்த்துச் சொல்வதை நம் இலக்கணிகள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்றனர். உள்ளே வைத்து மூடுவதையோ மேலே போர்த்துவதையோ நினைவூட்டாத, எதிரே நிற்பவரைத் தன்னோடு உளப்படுத்திக்கொள்ளும் அழகிய சொல்லாட்சி இது.

'நாம்' என்ற சொல்லின் இயல்பை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். எதிரே ஒருவர் இருந்து, அவரை நோக்கிப் பேசும்போதே அச்சொல் பிறக்கிறது. அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுகையில் அவர் 'அவர்'தான். அவரிடம் பேசும்போதே அவர் 'நாம்' என்பதில் சேர்கிறார். ஆனால் சொல்பவர் 'நாம்' என்று சொன்ன மாத்திரத்தில் சேர்ப்பு நிறைவுறுவதில்லை. பயனை நாங்கள் கொள்வோம், தியாகத்தை நாம் செய்வோம் என்று பேசும் மேடைகளும் உண்டு. கேட்பவரும் திரும்ப 'நாம்' என்று சொல்லும்போதே அச்சொல் மெய்யாகிறது. இன்க்ளூசிவ் என்ற சொல்லைச் சோதித்தறிய இதனினும் எளிய உரைகல் இல்லை. சேர்க்கிறவரின் அறிவிப்பைப் பார்க்க வேண்டியதில்லை. சேர்க்கப்பட்டவரின் வாயில் 'நாம்' வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இவ்வுரைகல்லை அரசிடமும் வங்கியிடமும் நீட்டும் நாம், நம் நிறுவனங்களிடமும் நீட்டக் கடமைப்பட்டுள்ளோம். முதியோரும் நடக்கவியலாதோரும் ஏறமுடியாத பள்ளிவாசல் படிகள், செவித்திறனற்றோர்க்குச் சென்று சேராத ஜும்ஆ உரை, பெண்களின் தொழுகைக்கு இடமொதுக்காத கட்டட வரைபடம், வடமாநிலங்களிலிருந்து பிழைப்புக்கு வந்து நம் ஸஃப்பில் நின்று தொழுதும் ஜமாஅத்தின் கணக்கில் இடம்பெறாத தொழிலாளி என இவை ஒவ்வொன்றும் ஒரு வினா. எவரையும் நாம் தடுக்கவில்லையே என்பது இவற்றுக்கு விடையாகாது. அது ரிசர்வ் வங்கி நமக்களித்த விடையன்றோ!

கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அறிவு நாடி வந்த அவர்பால் நபி (ஸல்) அவர்கள் முகம் திருப்பாதது குறித்து 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன. இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகின்றனர். பின்னர் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. அவர் மதீனாவின் பாங்கொலிப்பாளருள் ஒருவராக நியமிக்கப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் அவர்களுக்குப் பகரமாக நின்று தொழுகையை நடத்தினார். ரமளானில் பிலால் (ரழி) அவர்கள் இரவு இருக்கும்போதே பாங்கு சொல்வார்கள்; வைகறைப் பாங்கைச் சொல்பவர் இப்னு உம்மி மக்தூம். விடியலைக் கண்ணால் காண இயலாத அவர், 'விடிந்துவிட்டது' என்று மக்கள் தமக்கு அறிவிக்கும்வரை பாங்கு சொல்லமாட்டார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

விடியலை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு, விடியலைக் காண முடியாதவரிடம் தரப்பட்டது. அதனை அவருக்குச் சொல்லும் பொறுப்பை ஊர் ஏற்றுக்கொண்டது. அவருடைய குறை அவரை விலக்கவில்லை. ஊரின் வழக்கம் அவருக்கேற்ப அமைந்துகொண்டது. வரவேற்கப்பட்டவராக அங்கு வந்தவர், அனைவரையும் தொழுகைக்கு அழைப்பவராக உயர்ந்தார். 'இன்க்ளூசிவ்' என்ற சொல்லுக்கு எந்தத் தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தாலும், இப்பொருளைத் தாங்குவதாக அது இருத்தல் வேண்டும்.